பந்தயக் கிளட்ச் மாட்டிய பிறகு கியர் விழ மறுக்கிறதா? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கிள்ளானிலிருந்து:

என்னிடம் இருப்பது புரோட்டோன் வீரா. உள்ளே மிட்சுபிஷி லான்சர் எவோ 3-இன் 4ஜி63 டர்போ இன்ஜின். மலேசியாவில் இது புதுமையே இல்லை. வீராவின் உடல் லான்சரின் உடல்தான் என்பதால், ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாஃப் கட்’ முன்பாதியை வாங்கி இப்படி மாற்றியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியதும் பழைய கிளட்ச் தாங்கவில்லை. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் நான்காம் கியரில் மிதித்தால் இன்ஜின் சுற்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. ஆகவே ஆறு செராமிக் துண்டுகள் பதித்த பிளேட், அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் கனமான பிரஷர் பிளேட், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் எடை குறைந்த ஃபிளைவீல் என்று ஒரு செட்டாக வாங்கி மாட்டினேன்.

நழுவல் நின்றது. வேறு தொல்லை தொடங்கியது. காலையில் எடுக்கும்போது எல்லா கியரும் ஒழுங்காக விழும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் சிக்னலில் நின்றால், முதல் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கும் சத்தம். இன்ஜினை அணைத்துவிட்டால் அதே கியர்கள் விரலால் தள்ளினாலே விழுந்துவிடும். பட்டறையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸ் போச்சு, கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையம் எல்லாம் மாற்ற வேண்டும்” என்று சொல்லி ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கியர் பாக்ஸ் கெட்டிருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டும் அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது ஏன்? இன்ஜின் ஓடும்போதுதான் தகராறு என்றால், மிதித்த பிறகும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, கிளட்சை அடிவரை மிதித்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கொடுத்துப் பார்த்தேன். சூடாக இருக்கும்போது வண்டி முன்னால் நகர்ந்தது. சந்தேகம் உறுதியானது. அடுத்து, கியர் விழாத நேரத்தில் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுந்தது. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டுக்குள் இருக்கும் கோளாறு பெடலை அடிப்பதால் குணமாகாது. குறை, மிதிப்பை எண்ணெய் வழியாகக் கடத்தும் ஹைட்ராலிக் பக்கம்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

பிறகு அளந்தேன். தம்பியைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கிளட்ச் பக்கமுள்ள கீழ் பம்பின் (ஸ்லேவ் சிலிண்டர்) கம்பி, கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கைத் தள்ளும் தூரத்தை ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது 13 மில்லிமீட்டர். சூட்டில் 11. கிளட்சோடு வந்த தாளில் 14 வேண்டும் என்று போட்டிருந்தது. ஆகக் குளிரில் தள்ளாடிக்கொண்டு வேலை செய்தது, சூட்டில் கையை விரித்துவிட்டது.

சூட்டில் அந்த 2 மில்லிமீட்டர் போனதற்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. டர்போவின் அனல் வீசும் பக்கமாகவே பழைய ரப்பர் குழாய் போகிறது. கனமான பிரஷர் பிளேட்டைத் தள்ளும்போது அது ஊதுவதைத் தொட்டே உணர முடிந்தது. பெடல் பக்கமுள்ள மேல் பம்பின் (மாஸ்டர் சிலிண்டர்) உள் வாஷரும் தேய்ந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் மிதித்தபடியே வைத்திருந்தால் எண்ணெய் உள்ளேயே பின்னால் நழுவி, பெடல் அப்படியே இருக்கக் கிளட்ச் மெல்லப் பிடிக்கத் தொடங்கும். சிக்னலில் முதல் கியரில் காத்திருக்கும்போது வண்டி தானாக நகரப் பார்க்கிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும்.

குளிரில் குறைந்த அந்த ஒரு மில்லிமீட்டருக்குக் குழாய் மட்டும் போதாது. என் மேல் பம்பின் உள்விட்டம் 5/8 அங்குலம். 11/16 அங்குலப் பம்பை வைத்தால், விட்டங்களின் விகிதத்தை வர்க்கம் செய்ய 1.21 வருகிறது. அதே மிதிப்புக்கு 21 சதவீதம் அதிக எண்ணெய் தள்ளப்படும், 13 இருந்த இடத்தில் ஏறக்குறைய 15.7 கிடைக்கும். இலவசம் இல்லை: பெடலும் அதே 21 சதவீதம் கனக்கும். சிலர் 3/4 அங்குலத்துக்கே தாவுகிறார்கள். அது 44 சதவீதம். நெரிசலில் ஓட்டும் காலுக்கு அது தண்டனை. அதோடு, தேவைக்கு மேல் தள்ளினால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் அதிகமாக உள்ளே மடங்கி கிளட்ச் பிளேட்டின் நடுப்பாகத்தில் இடிக்கும், மறுபடியும் கியர் விழாது. அதனால் பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப்பர் வைத்து 15-க்குள் நிறுத்தினேன். எஃகு வலை போட்ட குழாய், புதிய டாட் 4 பிரேக் எண்ணெய். இப்போது குளிரிலும் சூட்டிலும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

கியர் பாக்ஸ் இன்னும் திறக்கப்படவில்லை. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி சரியான வழியில் போயிருக்கிறார். நான் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளுக்கு வேலை செய்பவன். ஹைட்ராலிக் இல்லாத வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் மாருதி எஸ்டீம் கதையைச் சொல்கிறேன். அதில் கேபிள் கிளட்ச்.

எஸ்டீமுக்குக் கனமான பிரஷர் பிளேட் போட்டால், பெடல் முழுதும் போகும், ரிலீஸ் லீவர் மட்டும் முழுதும் வராது. போன தூரம் எங்கே காணாமல் போகிறது என்று தேட வேண்டும். ஒரு வண்டியில் கேபிள் உறை வந்து உட்காரும் தகடே வளைந்துகொண்டிருந்தது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. தகட்டுக்குப் பின்னால் ஒரு வலுவான பட்டையை வெல்டு வைத்த பிறகு கியர் தானாக விழுந்தது. வண்டிக்காரர் அதற்குள் கேபிளை மாற்றி மாற்றிச் சலித்திருந்தார். ஹைட்ராலிக் வண்டியிலும் மாஸ்டர் சிலிண்டர் பொருந்தியிருக்கும் இரும்புச் சுவர் இதே வேலையைக் காட்டும். தம்பி அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கியர் தகராறும் கிளட்ச் விடாததால் வருவதில்லை. பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. வண்டி நிற்கும்போது, கிளட்சை மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. பொறுத்த பிறகும் கடித்தால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது கிளட்ச் விடவில்லை. பொறுத்தால் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் வேகமாக மாற்றும்போது மட்டும் மூன்றாம் கியர் முரண்டு பிடித்தால், கிளட்ச் விடுகிறது. அப்போது பார்க்க வேண்டியது பிளேட்டின் எடை, சின்க்ரோ, கியர் எண்ணெய்.

பிளேட்டின் எடையைப் பலர் நினைப்பதேயில்லை. மேல் கியருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் சின்க்ரோ வளையம், கியர் பாக்ஸுக்குள் செல்லும் இன்புட் ஷாஃப்டோடு சேர்த்துக் கிளட்ச் பிளேட்டின் வேகத்தையும் இறக்க வேண்டியிருக்கிறது. கனமான முழுவட்டப் பிளேட் போட்ட வண்டியில் ஆறாயிரம் சுற்றுக்கு மேல் மாற்றினால் கை தடுக்கும். அதையே செராமிக் துண்டுப் பிளேட்டாக மாற்றினால் தடை குறையும், ஏனென்றால் விளிம்பில் எடை குறைவு. ஆனால் அதற்கு நெரிசலில் வண்டி குதிரை போலத் துள்ளும். இரண்டையும் ஒரே பிளேட்டில் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கியர் எண்ணெய் பற்றி ஒரு வரி. ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பாக்ஸில் “கூடுதல் எண், கூடுதல் நல்லது” என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். பித்தளைச் சின்க்ரோவுக்கு அதில் உள்ள கந்தகக் கலவை ஆகாது. அந்த வளையத்துக்கு உராய்வும் வேண்டும்.

மிச்சிகனிலிருந்து:

என் வண்டி 2016 மஸ்டாங் ஜிடி, ஆறு கியர் மேனுவல். சூப்பர்சார்ஜர் வைத்த பிறகு இரட்டைப் பிளேட் கிளட்சுக்கு மாறினேன். உராயும் பரப்புகள் இரண்டு நான்காவதால், அழுத்தும் விசையைக் கூட்டாமலே அதிக டார்க்கை (சுழற்றும் விசையை) தாங்கும், பெடலும் இலேசாக இருக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. இலேசாகத்தான் இருந்தது. ஆனால் ஏழாயிரம் சுற்றை நெருங்கி இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது பெடல் தரையிலேயே படுத்துக்கொண்டது. கால் விரலைக் கீழே விட்டுத் தூக்க வேண்டியிருந்தது.

கிள்ளான் நண்பரைப் போல நானும் முதலில் எண்ணெயைத்தான் சந்தேகித்தேன். இந்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் ஒரே கிண்ணத்து எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. முழுதும் மாற்றியும் பயனில்லை. காரணம் பெடலிலேயே இருந்தது. தொழிற்சாலைக் கிளட்சின் கனத்தைக் குறைக்க அங்கே ஓர் உதவி ஸ்பிரிங் இருக்கிறது. பெடல் பாதியைத் தாண்டியதும் அது காலோடு சேர்ந்து கீழ்நோக்கித் தள்ளும். கிளட்ச் இலேசாகிவிட்டது, ஸ்பிரிங் பழைய பலத்திலேயே இருக்கிறது. அதிக சுற்றில் பெடலைத் திருப்பித் தள்ளும் விசை இன்னும் குறையும்போது ஸ்பிரிங்கின் கை ஓங்கிவிடுகிறது. அதைவிட மென்மையான ஸ்பிரிங்கை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. சில பத்து டாலர் செலவு. பெடலுக்கடியில் தலைகீழாகப் படுத்து மாட்ட வேண்டியிருந்தது என்பதைத் தவிர வருத்தமில்லை.

இதே வகை வண்டிக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு: இதில் கீழ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள், ஷாஃப்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேலை வைத்துக் கம்பியை அளக்க வழியில்லை. ஆகவே அளவெல்லாம் கியர் பாக்ஸை ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அந்தச் சிலிண்டர் முனையிலுள்ள பேரிங்குக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கும் இடையே கிளட்ச் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளி இருக்கிறதா என்று கணக்கிட்டு, அதிகமாக இருந்தால் ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்க வேண்டும். இரட்டைப் பிளேட்டின் உயரம் வேறு என்பதால் இதை ஊகத்தில் விடுவது ஆபத்து. இடைவெளி அதிகமானால் கிளட்ச் விடாது. இல்லாமலே போனால் பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னுக்கு வந்து, சிலிண்டரில் இடமின்றிக் கிளட்ச் நழுவும். இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது இறுகினால் கிளட்ச் நன்றாக விட்டாலும் இன்ஜின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கோவை அண்ணன் சொன்ன ரிவர்ஸ் சோதனையில் இதுவும் கடிக்கும்.

பினாங்கிலிருந்து:

கிள்ளான் நண்பருக்கு மட்டும். 4ஜி63 என்றதும் மனம் வேறொரு பக்கம் போகிறது. கிராங்க் ஷாஃப்டின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) முன்பின் ஆட்டத்தை அளந்தீர்களா? 1995 முதல் 1999 வரையிலான மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போக்களில் இந்த இன்ஜினின் ஏழு போல்ட் வகை (கிராங்கில் ஃபிளைவீலை ஏழு போல்ட்டுகள் பிடிப்பது) இதற்குப் பெயர்போனது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்கை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, தாங்குவது ஒற்றை த்ரஸ்ட் பேரிங். கனமான பிரஷர் பிளேட் அதன் சுமையைக் கூட்டும். தேய்ந்தால் கிராங்கே நகர்கிறது, கிளட்ச் பிடிக்கும் இடமும் அதோடு நகர்கிறது. வளைவில் திரும்பும்போது பெடல் ஆழமாகிறது, நேரே வந்தால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் பம்பை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

கிராங்க் புல்லியில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். நல்ல இன்ஜினில் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு ஆடினால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். சிக்னலில் நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவது நல்லது.

கிள்ளானிலிருந்து:

பினாங்கு ஐயா, எழுதியதற்கு நன்றி. டயல் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன், 0.12 மில்லிமீட்டர். வளைவில் பெடல் மாறும் அறிகுறியும் இல்லை. எண்ணைப் பானெட்டின் உட்புறம் எழுதி வைத்துவிட்டேன், அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது மறுபடி அளந்து ஒப்பிடுவேன்.

கோவை அண்ணன் சொன்ன இரும்புச் சுவரையும் பார்த்தேன். மேல் பம்பைச் சுற்றிய தகடு ஓரளவு அசைகிறது. பெரிய பம்ப் அந்த இழப்பை மூடிவிட்டதால் கியர் விழுகிறது, ஆனால் கனம் கூடிய பெடலால் தகடு நாளடைவில் வெடிக்கக்கூடும். பம்பின் இரண்டு போல்ட்டுகளையும் பிடிக்கும்படி உட்புறமாக 3 மில்லிமீட்டர் எஃகுப் பட்டை வைக்க முடிவு செய்திருக்கிறேன். வீராவில் இதைச் செய்தவர்கள் இருந்தால், பெடல் பிராக்கெட்டைக் கழற்றாமல் பட்டையை உள்ளே நுழைக்க வழி உண்டா என்று சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

வீரா எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கழற்றிவிட்டே செய்யுங்கள் தம்பி. பிராக்கெட்டில் பெடல் சுழலும் புஷ் எப்படி இருக்கிறது என்றும் அப்போது தெரியும். அங்கே தேய்ந்திருந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், ஸ்டாப்பரை அதற்கேற்பத் தூக்கிவிடுங்கள்.