சிறிய பந்தய மேசைகளில் ஏஸ் சோடி

போக்கரில் (ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கையிலும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசையிலும் வரும் டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில்) ஏஸ் சோடி, அதாவது இரண்டு ஏஸ்கள், கைக்கு வந்தாலே தோற்றுவிடுவதாக நண்பர் ஒருவர் வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். 2 சென்ட், 5 சென்ட் பிளைண்டு (சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) மேசைகளிலேயே பெரும்பாலும் ஆடிவரும் எனக்கு அந்த வருத்தம் நன்றாகவே புரிகிறது. ஆனால் இனி அந்தச் சோடியை ரைஸ் செய்யாமல் (பந்தயத்தை உயர்த்தாமல்) ஒளித்துவைத்து ஆடப்போவதாக அவர் எடுத்திருக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும் இந்தச் சோடி, ஏதோ இரண்டு சீட்டுகளுடன் இருக்கும் ஒருவரை மட்டும் எதிர்கொண்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 முறை வெல்லும். ஐந்து பேரை மலிவாக ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகள்) பார்க்க விட்டால் அதுவே 49 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கும் மேலாக, இந்த மேசைகளில் பலர் பிளைண்டைப் போல 3 மடங்கு ரைஸ் செய்தாலும் 7 மடங்கு ரைஸ் செய்தாலும் ஒரே மாதிரி கால் செய்கிறார்கள் (அதே தொகையை வைத்துத் தொடர்கிறார்கள்) என்பதால், நாம் முந்தியிருக்கும்போதே அவர்களுடைய பணத்தை உள்ளே வரவழைப்பதுதான் நியாயமான ஆட்டம்.

அண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். இருவர் 5 சென்ட் மட்டும் வைத்து நுழைந்திருக்க, டீலர் இடத்தில் இருந்த நான் ஏஸ் சோடியுடன் 35 சென்டுக்கு ரைஸ் செய்தேன். இருவருமே கால் செய்தனர். ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராணி, ஸ்பேடு எட்டு, டைமண்ட் மூன்று. நான் வைத்த 75 சென்டுக்கு ஒருவர் மட்டும் உடன்வந்தார். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, கிளாவர் எட்டு விழுந்தது. அவர் பந்தயம் வைக்காமல் செக் செய்தார், நான் 1.60 டாலர் வைத்தேன், உடனே அவர் மீதமிருந்த 3.90 டாலர் முழுவதையும் உள்ளே தள்ளினார்.

அதுவரை கால் மட்டுமே செய்துவந்தவர் அவர். ரைஸ் செய்து நான் பார்த்ததே இல்லை. ராணிச் சோடி மட்டும் அமைந்திருந்தால் தம் வழக்கப்படி கால் செய்திருப்பார். நான் கால் செய்ய மேலும் 2.30 டாலர் வேண்டும், அது லாபமாக 22 விழுக்காடாவது வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும். அவரிடம் எட்டு இருந்தால் மூன்று எட்டுகள் என் ஏஸ் சோடியை முந்திவிடும்; என்னைக் காப்பாற்ற மீதி 44 சீட்டுகளில் இரண்டு ஏஸ்கள் மட்டுமே உண்டு. தயங்காமல் ஃபோல்டு செய்து ஆட்டத்திலிருந்து விலகினேன். அவர் சீட்டைக் காட்டவில்லை; காட்டியிருந்தாலும் என் முடிவு மாறியிருக்காது.

கிங் சோடிக்கும் இதே முறைதான், ஆனால் ஃப்ளாப்பில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஏஸ் வந்து விழும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏஸ்-கிங் மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் எதுவும் அமையாமல் போகும்; எதற்கும் கால் செய்பவர்களிடம் அப்போது பொய்ப் பந்தயம் வைப்பது வீண்.

நண்பர் தாம் தோற்ற ஆட்டங்களில் ரைஸ் அளவையும், டர்னில் முதலில் ரைஸ் செய்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த இடத்தில் பணம் போனது என்று பார்த்துச் சொல்ல முடியும்.