மறு: ‘கிரிப்டிக் ஸ்பீசிஸ்’ – மறைசிற்றினமா, கரந்துறை சிற்றினமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை பாடக் கோப்பு அச்சுக்குப் போக வேண்டும். ‘கிரிப்டிக் ஸ்பீசிஸ்’ (பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் உண்மையில் வெவ்வேறான சிற்றினங்கள்) என்பதற்கான தமிழ்ச்சொல் ஒன்றுதான் பாக்கி.

> ‘மறைசிற்றினம்’ நல்ல வினைத்தொகை. முக்காலமும் அடங்கும்.

இலக்கணம் சரிதான் ஐயா, அந்த முக்காலம்தான் இடிக்கிறது. போன வாரம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, “அழிஞ்சிட்டு வர்ற இனமா சார், புலி மாதிரி?” என்றாள். ‘மறையும்’ என்று விரித்திருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை.

நம் பாடத்தில் வருவது பாரமீசியம் ஆரேலியா என்ற ஒருசெல் உயிரி. நுண்ணோக்கியில் எல்லாமே ஒரே செருப்பு வடிவம். இவற்றில் இணைவகைகள் (ஆண், பெண் போல, தம்முள் இணையக்கூடிய வகைகள்) உண்டென்று 1937இல் மரபியலாளர் டிரேசி சோன்போர்ன் கண்டார். பொருந்தும் இரண்டு வகைகளைக் கலந்தால் செல்கள் சட்டென்று ஒட்டித் திரளும். தமக்குள்ளேயே இணையும் வேறு கூட்டத்தோடு கலந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் நீந்திப் போகும். மீறி இணைந்தாலும் சந்ததி தேறாது. ஆனாலும் இக்கூட்டங்களைத் தனித்தனிச் சிற்றினம் என்று சொல்ல அவர் தயங்கினார். ஒப்பிட ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள செல்கள் கையில் இல்லாதவர் எதை வைத்து அடையாளம் காண்பார்? நொதிகளை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தறியும் முறை வந்தபின், 1975இல்தான் 14 சிற்றினங்களுக்குப் பெயரிட்டார். பைஆரேலியா, டெட்ராஆரேலியா என எண்ணை முன்னால் ஒட்டிய பெயர்கள்.

இதற்குக் ‘கரந்துறை’ (ஒளிந்து தங்கும்) அப்படியே பொருந்துகிறது. கரந்துறைபாட்டில் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் உறையும். தேர்ந்து கோத்தால்தான் தெரியும். சோதிடத்தில் கரந்துறைகோள் என்றும் உண்டு. (இதுவும் வினைத்தொகைதான், ஒற்று மிகாது. ‘கரந்துறைச் சிற்றினம்’ என்று எழுதியவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.)

> யாருக்குப் புரியும்? ‘ஒத்த உருவச் சிற்றினம்’ என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியுமே.

புரியும். ஆனால் உறவே இல்லாத இரண்டு உயிர்கள் தற்செயலாக ஒத்திருந்தாலும் அதற்குள் வந்துவிடும். புரிகிற சொல் தவறாகப் புரிந்தால் மாணவருக்கு என்ன பயன்?

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதும் நியாயம்: அங்கே பேரினம் ‘சாதி’, சிற்றினம் வெறும் ‘இனம்’. அப்படியானால் ‘கரந்துறை இனம்’ இரு கரைக்கும் பொதுவாகுமா? இங்கே ‘இனம்’ எதற்கெல்லாமோ வழங்குவதால் எனக்குத் துணிவில்லை. தனி இழையில் பேசுவோம்.

சரி, பெரும்பான்மை ‘மறைசிற்றினம்’ பக்கம். கோப்பில் அதையே இடுகிறேன், எனக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும். அடிக்குறிப்பில் ‘கரந்துறை சிற்றினம்’ சேர்க்க மட்டும் இசைவு கேட்கிறேன். மறுப்பிருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதிவிடுங்கள்.