மறு: செயலில இருந்து மேப்பைத் திறக்குற "லாஞ்ச் மேப்ஸ்"க்குத் தமிழ்ல என்ன, ஏவலா துவக்கமா?

> "வரைபட ஏவல்" என்று வைக்கலாம். ஏவுகணை, ஏவுதளம் எல்லாம் ஏற்கனவே மக்கள் நாவில் இருக்கின்றன.

ஐயா வணக்கம். இலக்கணத்துல ஏவல் வினை இருக்கு, நிரல்ல வர்றதும் கட்டளைதான், அந்த வரைக்கும் சரி. ஆனா எங்க அம்மாகிட்ட போய் "செயலி மேப்பை ஏவி விட்டுச்சு"ன்னு சொன்னேன்னு வைங்க, நேரா பில்லி சூனியத்துக்குப் போயிருவாங்க, எலுமிச்சம்பழம் எங்கன்னு தேடுவாங்க.

அதுகூட பரவால்ல. எனக்கு இருக்குற சிக்கலே வேற. உள்ள நடக்குற வேலைக்கு ஏவல்ங்குற சொல் பொருந்தவே இல்ல. ரத்ததானச் செயலிக்காக நாலஞ்சு மாசமா இந்த ஒரு பட்டனோட மல்லுக்கட்டுறேன், அதனால சொல்றேன். பட்டனைத் தொட்டா ஆஸ்பத்திரி இருக்குற இடம் போனோட வர்ற மேப்ல தெரியணும், அவ்வளவுதான் வேலை. ஆண்ட்ராய்டுல இதுக்கு ஒரு இன்டென்ட் (இன்ன வேலை நடக்கணும்னு சிஸ்டம்கிட்ட நீட்டுற சீட்டு மாதிரி) செய்யணும். "காட்டு"ங்குற செயல், கூடவே ஒரு முகவரி: ஜியோன்னு போட்டு, கோலன் வச்சு, 9.9252,78.1198 (மதுரை). இதைத் தூக்கி சிஸ்டம்கிட்ட குடுத்துட்டு நம்ம நிரல் ஒதுங்கிக்கும். எந்த மேப் திறக்கும்னு நமக்குத் தெரியாது, போன்ல ரெண்டு மேப் இருந்தா எதுல பாக்குறன்னு ஆளையே கேக்கும், ஒண்ணுமே இல்லைன்னா பிழை வரும். நாம எதையும் ஏவல, யாரு செய்வான்னு தெரியாமலே ஒரு வேலையைக் குடுத்துட்டு வர்றோம்.

இன்னொரு கூத்து கேளுங்க. முதல்ல நான் நல்ல பிள்ளையா "இதைத் திறக்க யாராச்சும் இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு அப்புறம் குடுக்குற மாதிரி எழுதியிருந்தேன். ஆண்ட்ராய்டு 11-ல (2020) ஒரு செயலி மத்த செயலிகளை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு, என்ன மாதிரி செயலியைத் தேடுறேன்னு மேனிஃபெஸ்ட்ல (செயலியோட விவரக் கோப்பு) முன்னாடியே எழுதி வைக்கணும். நான் எழுதல. 11-க்கு ஏத்த மாதிரி செயலியை மாத்தி வெளியிட்டதும் பட்டன் செத்துப்போச்சு, போன்ல மேப் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, என் நிரல் மட்டும் "யாருமில்லை"ங்குது. கடைசில கேக்குற வரியையே தூக்கிட்டேன். நேராக் குடு, வாங்க ஆள் இல்லைன்னா வர்ற பிழையைப் பிடி, அவ்வளவுதான். ஐபோனோட ஐஓஎஸ்லயும் இதே கதைதான், 9-வது பதிப்புல (2015) இருந்து "திறக்க முடியுமா"ன்னு கேக்கணும்னா எதையெல்லாம் கேப்போம்னு முன்னாடியே பட்டியல் குடுத்திருக்கணும், ஆனா கேக்காம திறக்கச் சொன்னா சொல்லலாம்.

அதனால ஏவு, இயக்கு, துவக்கு எல்லாம் எனக்கு ஒட்டல. "ஒப்படை" எப்படி? (இன்டென்ட்டை "உள்நோக்கம்"னு ஒருத்தர் போட்டிருந்தார், தயவுசெஞ்சு வேணாம், நம்ம செயலி மேல கேஸ் போட்ருவாங்க.)

---

> ஏவு, இயக்கு, துவக்கு எல்லாம் எனக்கு ஒட்டல

தம்பி, துவக்கு எண்டா எங்கட ஊரில சுடுற சாமான். "மேப் துவக்கு" எண்டு பட்டனில கிடந்தா யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் தொடமாட்டினம். முந்தியும் ஒருக்கா இங்க சொன்னனான், யாரும் கேக்கேல்ல.

ஒப்படை விளங்கும், ஆனா அதைக் கேட்டா எனக்குப் பொலிஸ் ஸ்டேசன்தான் ஞாபகம் வருது. நாங்கள் சாதாரணமாச் சொல்லுறது கையளிக்கிறது. பேப்பரைத் திறந்தா வீட்டுத்திட்டம் கையளிப்பு, பாடசாலைக் கட்டடம் கையளிப்பு எண்டுதான் கிடக்கும். உங்கட ஆக்களுக்கும் விளங்கும் எண்டு நினைக்கிறன். "மேப்புக்குக் கையளி".

மற்றது, வரைபடம் எண்டு போடாதேங்கோ. கிராஃபுக்கும் அங்க அதைத்தானே சொல்லுறியள், செயலிக்குள்ள ரத்த வகைக் கணக்குக்கு ஒரு கிராஃப் வேற இருக்கு.

---

அண்ணா, கையளி அருமை. மேப்புக்கு நிலப்படம்னே வச்சுக்குறேன், பட்டன்ல மட்டும் மேப்.

நான் கைமாற்றுன்னு ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தேன், வேணாம், இங்க கைமாத்து வாங்கிட்டுப் போனவன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. நம்ம ஆளு மேப்பைப் பாத்துட்டு பேக் பட்டனைத் தட்டி திரும்பி வரணுமே.

ஒண்ணு மட்டும் பிரிச்சு வைக்கணும். மத்த செயலியோட ஐகானைத் தொட்ட மாதிரி சும்மா திறக்குறது வேற, அதுக்கு "திற" போதும். கையில ஒரு இடத்தைக் குடுத்து அனுப்புறதுக்குத்தான் கையளி. அந்த ஜியோ முகவரிக்கு "இடச்சுட்டி". சுட்டின்னா மவுஸ், லிங்க், வால் இல்லாத குரங்கு எல்லாந்தான், ஆனா முன்னாடி இடம் வந்துட்டா குழப்பம் இல்ல.

"கூகுள் மேப் திறப்பு"ன்னு ஏன் வைக்கலன்னு கேட்டிருந்த தம்பிக்கு: ஐபோன்ல ஒரு காலத்துல கூகுள் மேப்ஸ் லிங்க்கைத் தொட்டாலே போனோட வந்த மேப்தான் திறக்கும், உள்ள இருந்ததும் கூகுள் படம். 2012 செப்டம்பர்ல ஐஓஎஸ் 6 வந்தப்ப ஆப்பிள் சொந்தப் படத்தை வச்சுது, அதுல இருந்த தப்புகளுக்கு அப்ப ஆப்பிள் தலைவரா இருந்த டிம் குக்கே மன்னிப்புக் கடிதம் எழுதினார், லிங்க்கும் ஆப்பிளோடதுக்கு மாத்த வேண்டியதாச்சு. முதலாளி மாறுற பொருளுக்கு முதலாளி பேரை வைக்கக் கூடாது.

இடச்சுட்டிக்கு விளக்கம் எழுதும்போது ரெண்டு விஷயம் சேத்துருங்க. ஜியோ முகவரிக்கு ஆர்எஃப்சி 5870-ன்னு பொது விதி இருக்கு (2010), அதுல அட்சரேகை முதல்ல, தீர்க்கரேகை பின்னாடி. ஜியோஜேசன்ல (இட விவரத்தை எழுதி வைக்குற ஒரு கோப்பு வடிவம்) தலைகீழ். அதுல இருந்து எண்ணை எடுத்து அப்படியே ஒட்டினேன், மதுரை ஆஸ்பத்திரி வட துருவம் பக்கம் இருக்குற ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேக்க கடல்ல மிதந்துச்சு. ரெண்டாவது, வெறும் எண்ணை மட்டும் குடுத்தா கூகுள் மேப்ஸ் அந்தப் பகுதியைக் காட்டும், ஊசி குத்தாது. ஊசி வேணும்னா 0,0-ன்னு போட்டு, கேள்விக்குறிக்குப் பின்னாடி கியூ போட்டு எண்களையும், அடைப்புக்குறிக்குள்ள ஆஸ்பத்திரி பேரையும் குடுக்கணும். பேரைத் தமிழ்லயே குடுக்கலாம், முகவரிக்கு ஏத்த மாதிரி குறியாக்கம் (என்கோடிங்) பண்ணி அனுப்பணும், இல்லைன்னா சில போன்ல பேரு பாதில அறுந்துரும்.

பட்டன்ல "மேப்பில் பார்"னு போட்டுட்டேன், கையளி எல்லாம் ஆவணத்துக்குள்ள. ரத்தம் குடுக்க ஓடுறவருக்கு நம்ம கலைச்சொல் எதுக்கு? ஐபோன் வச்சிருக்கவங்க இன்னைக்கு ராத்திரி ஒருக்கா தட்டிப் பாத்துச் சொல்லுங்க, என்கிட்ட அந்தப் போன் இல்ல.