லீட்டா ஹாலிங்வொர்த்: கருத்தரங்கில் எதை முன்னிறுத்துவது?

சைதை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் எம்.எட். படிக்கிறேன். வகுப்புக் கருத்தரங்கில் கல்வி உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த்தைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். 1886இல் நெப்ராஸ்காவில் பிறந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக்கின் வழிகாட்டுதலில் 1916இல் முனைவர் பட்டம் பெற்று, 1939இல் மறைந்தவர் என்ற அளவில் குறிப்பெடுத்துவிட்டேன். அவருடைய மாதவிடாய் ஆய்வை மையமாக வைப்பதா, மீத்திறன் குழந்தைகளுக்கான (வயதை மிஞ்சிய அறிவுத்திறன் கொண்டவர்கள்) பணியை வைப்பதா என்பதில் தெளிவு கிடைக்கவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், மயிலாப்பூர்:
அம்மா, இரண்டுக்கும் முன்னால் அவர் பார்த்த வேலையிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியராக இருந்தவர், 1908இல் திருமணமாகி நியூயார்க் வந்தபோது, மணமான பெண்களை அந்நகரப் பள்ளிகள் பணியில் சேர்க்காததால் வீட்டில் முடங்க நேர்ந்தது. 1911இல் கணவர் ஹாரி, கொக்கோ கோலா நிறுவனத்துக்காகக் காஃபின் பற்றிய ஆய்வை நடத்தியபோது சோதனைகளை மேற்பார்வையிட்டவர் லீட்டாதான். அந்த வருமானமே அவருடைய மேற்படிப்புக்கு வழிசெய்தது. (குளிர்பானக் காசில் ஓர் உளவியலாளர் உருவானார் என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.)

பிறகு, அறிவுத்திறன் குறைந்தோர் எனக் கருதப்பட்டவர்களுக்கு பினே அறிவுத்திறன் சோதனை நடத்தும் நிலையம் ஒன்றில் பணியாற்றினார். ஆண்களின் அறிவுத்திறன் இரு கோடிகளுக்கும் பரந்தது, பெண்களுடையது நடுவில் குவிந்தது, எனவேதான் மேதைகளும் மந்தபுத்தியுள்ளோரும் ஆண்களிலேயே மிகுதி என்பது அக்காலக் கொள்கை. தார்ண்டைக்கும் அதை ஏற்றிருந்தார். நிலையத்துக்கு ஆண்களே அதிகம் கொண்டுவரப்பட்டது அதற்குச் சான்றுபோலத் தோன்றியது. லீட்டா வந்தவர்களின் வயதையும் சேர்த்துப் பார்த்தார். பையன்கள் சிறு வயதிலேயே வந்தார்கள். பெண்களோ வெகு காலம் கழித்தே வந்தார்கள். சம்பாதிக்கத் தெரியாத பையன் உடனே கண்ணில் படுவான்; அதே நிலையிலுள்ள பெண், பாத்திரம் தேய்த்துக்கொண்டும் பிள்ளை பார்த்துக்கொண்டும் யார் வீட்டிலாவது காலம் தள்ளிவிடுவாள். ஆக, அந்த எண்ணிக்கை காட்டியது யார் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை மட்டுமே. வழிகாட்டி நம்பிய கொள்கையையே மாணவி இப்படிச் சோதித்த துணிவை விட்டுவிடாதீர்கள்.

பள்ளி ஆலோசகர், அண்ணா நகர்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் மாதவிடாய் ஆய்வைச் சுருக்கிவிட வேண்டாம். 1914இல் வெளியான அந்த ஆய்வில் 23 பெண்களையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 2 ஆண்களையும் சோதித்தார். விரைவாகத் தட்டுதல், கை நடுங்காமல் கோலைப் பிடித்திருத்தல், நிறங்களைச் சொல்லுதல், எதிர்ச்சொல் கூறுதல் முதலியவற்றில் திறன் அந்த நாள்களில் குறைவதாகத் தெரியவில்லை. "அந்த மூன்று நாளும் அவளால் எதையும் சரியாகச் செய்ய முடியாது" என்று நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவதால், வகுப்பில் இதற்குத்தான் அதிகம் கேள்வி எழும்.

மீத்திறன் பணியில் 1936இல் தொடங்கிய ஸ்பேயர் பள்ளியைக் குறிப்பிடுங்கள். அங்கே மீத்திறன் குழந்தைகளுக்கும் மெல்லக் கற்போருக்கும் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி வகுப்புகள் நடந்தன. மீத்திறன் குழந்தைகளை மேல்வகுப்புக்குத் தாண்டவிடாமல், வழக்கமான பாடத்தைக் குறைந்த நேரத்தில் முடித்துவிட்டு, உணவு, உடை, போக்குவரத்து போன்ற அன்றாடப் பொருள்கள் வளர்ந்த வரலாற்றைத் தேடிப் படிக்கவிட்டார்கள். நுண்ணறிவு ஈவு (IQ, அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்) 180க்கு மேலிருந்த குழந்தைகள் ஒத்த தோழர்கள் இல்லாமல் தனித்துப்போவதையும் அவர் கவனித்தார். அக்குழந்தைகளைப் பற்றிய அவருடைய நூல் அவர் மறைந்தபின் 1942இல் வந்தது.

வேளச்சேரி வாசகர்:
ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிலையத்தின் எண்ணிக்கையை அவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்டவர், நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரையால் வருவது என்பதை அதே கண்டிப்புடன் சோதிக்கவில்லை. யார் பிள்ளை பெறுவது என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற அன்றைய இனமேம்பாட்டுக் கருத்துகளையும் ஆதரித்தார். எந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணை எட்டினார்கள் என்று அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்பலாமே.

சைதை மாணவி:
மூவருக்கும் நன்றி. நிலையத்தின் எண்ணிக்கையில் தொடங்கி, கடைசி ஐந்து நிமிடத்தை இந்த விமர்சனத்துக்கு ஒதுக்குகிறேன். ஸ்பேயர் பள்ளிக்கு இரண்டு நிமிடம்தான் மிஞ்சும் போலிருக்கிறது.