அந்த ஐம்பது விழுக்காடு யாருடையது?

குழித்துறை ஓய்வாளர்:
ஓராண்டுக்குள் இரண்டு முறை காரை இடித்துவிட்ட 22 வயது மகனுக்குக் குறைந்த செலவில் காப்பீடு எடுப்பது எப்படி என்று வில்லுக்குறி டீச்சர் நேற்று வேறொரு இழையில் கேட்டிருந்தார். அதற்கு மார்த்தாண்டம் வாகனன் சொன்ன விடை இது: "மகனுடைய காரை விற்றுவிடுங்கள், அப்பாவின் காரை மகன் பெயருக்கு மாற்றுங்கள், அதிலுள்ள ஐம்பது விழுக்காடு நோ கிளைம் போனஸ் வண்டியோடு மகனுக்கு வந்துவிடும்." காப்பீட்டுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. இழப்பீடு கேட்காமல், அதாவது கிளைம் போடாமல் கழிந்த ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் தரும் தள்ளுபடிதான் அந்த போனஸ். அது வண்டிக்குக் கொடுக்கப்படுவதன்று, பாலிசிதாரருக்குக் கொடுக்கப்படுவது. தகப்பன் இறந்து சட்டப்படியான வாரிசுக்கு வண்டி போனால் மட்டுமே அது கைமாறும். தகப்பன் நல்ல உடல்நலத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மாறாது.

மார்த்தாண்டம் வாகனன்:
அண்ணாச்சி காலையிலேயே தொடங்கிவிட்டார். பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய கார் வாங்கி விற்கிறேன். என் கையால் மாறிய எத்தனையோ வண்டிகள் ஐம்பது விழுக்காட்டோடுதான் போயிருக்கின்றன. புத்தகத்தில் இருப்பது வேறு, சந்தையில் நடப்பது வேறு. அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தவர்களுக்கு இது புரியாது.

குழித்துறை ஓய்வாளர்:
சந்தையில் நடப்பதை நானும் அறிவேன். வண்டியின் பெயர் மாறியதும் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும், நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதி அவ்வாறு வராது. அப்போது மிச்சமுள்ள நாட்களுக்கான போனஸ் வேறுபாட்டைப் புதிய உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொண்டுதான் பெயரை மாற்றித் தருவார்கள். வசூலிக்காமல் போன வண்டிகள் இருக்கின்றன என்றால், வாங்கியவர் விண்ணப்பத்தில் பொய் எழுதினார் என்று பொருள். அந்தப் பொய் பின்னர் தெரிந்தால் சொந்தச் சேத இழப்பீடு முழுவதையும் மறுக்க நிறுவனத்துக்கு வழி உண்டு. ஏற்கெனவே இரண்டு முறை இடித்த பையனுக்கா இந்த ஆலோசனை?

கருங்கல் இலண்டன்வாசி:
இருவருமே முதன்மையானதை விட்டுவிட்டீர்கள். இளைஞனின் வயதுதான் பிரச்சினை. நான் வாழும் பிரித்தானியாவில் பதினெட்டு வயதுப் பையன் ஓட்டுகிறான் என்றால் காரின் விலைக்கு ஈடாகக் காப்பீட்டுக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. வண்டியில் கருவி பொருத்தி, எப்படி பிரேக் போடுகிறான், எத்தனை மணிக்கு ஓட்டுகிறான் என்று கவனித்துக் கட்டணம் தீர்மானிப்பார்கள். உண்மையில் மகன் ஓட்டும் வண்டிக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டினால் அது மோசடி.

குழித்துறை ஓய்வாளர்:
அது இலண்டன், இது இரணியல். நம் நாட்டில் மரபாக வண்டியைப் பார்த்துத்தான் கட்டணம் போட்டார்கள்: எஞ்சின் எத்தனை சி.சி., எத்தனை ஆண்டுப் பழையது, ஐ.டி.வி. (பாலிசியில் குறிக்கும் வண்டியின் மதிப்பு) எவ்வளவு, எந்த மண்டலம். சென்னை, பெங்களூரு உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், நம் மாவட்டத்து டி.என். 74, 75 பதிவெண் வண்டிகள் பி மண்டலம். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை ஒன்றிய அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுபவன் இருபது வயதுக்காரனாயினும் எழுபது வயதுக்காரராயினும் இதில் ஒரு ரூபாய்கூட மாறாது. சொந்தச் சேதப் பகுதியில் மட்டுமே நிறுவனம் தன் கணக்குப்படி கூட்டவோ குறைக்கவோ முடியும். போனஸும் அந்தப் பகுதிக்கு மட்டுமே. அந்த போனஸ், மீண்டும் சொல்கிறேன், ஆளோடு போவது.

வில்லுக்குறி டீச்சர்:
ஐயா, நான் கேட்டது வேறு. மகன் முதல் முறை தக்கலை அருகே பேருந்துக்கு ஒதுங்கும்போது சுவரில் உரசிவிட்டான். ஒன்பதாயிரம் ரூபாய் வேலைக்குக் கிளைம் போட்டோம். இரண்டாவது முறை மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் சென்ற வண்டியில் மோதினான். புதுப்பிப்பதற்கு இன்னும் 12 நாட்கள்தான் இருக்கின்றன. கட்டணம் ஏறி வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

குழித்துறை ஓய்வாளர்:
டீச்சர், ஒன்பதாயிரத்துக்குக் கிளைம் போட்டதுதான் முதல் பிழை. போனஸ் முதலாண்டு முடிவில் 20 விழுக்காடு. பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் சுழியத்துக்கு வந்துவிடும். சொந்தச் சேதக் கட்டணம் 12,000 ரூபாய் என்றும், ஒருவர் 50 விழுக்காட்டில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளைமுக்குப் பிறகு அவர் இழப்பது முதலாண்டு 6,000, அடுத்து 3,600, பின்னர் 3,000, 1,800, 600. ஆக மொத்தம் 15,000 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் இது சற்றுக் குறையலாம். உங்கள் மகன் கீழ்ப்படியில் இருந்திருப்பான் என்பதால் அவனுடைய இழப்பு இவ்வளவு வராது. ஆயினும் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங்கும் பெயிண்டும் கைக்காசில் முடித்திருக்கலாமா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இப்போதைக்குச் செய்யக்கூடியது, ஒவ்வொரு கிளைமிலும் முதல் 5,000 ரூபாயையோ 7,500 ரூபாயையோ நாமே ஏற்பதாக எழுதிக் கொடுத்து, நான்கைந்து நிறுவனங்களில் விலை கேட்பது. ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி களவு போனால் அழப்போவது நீங்கள்தான்.

மார்த்தாண்டம் வாகனன்:
எவராவது என்று யாரைச் சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லும் துணிவு வேண்டும். சென்ற மழைக்காலத்தில் வெள்ளத்தில் நின்ற காரை நான் விற்றேன் என்று இதே குழுவில் ஜாடையாக எழுதியவர்தானே நீங்கள்? அது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. டீச்சர், அப்பாவின் வண்டியை மாற்றுங்கள். ஐம்பது விழுக்காடு உங்கள் கையில்.

குழித்துறை ஓய்வாளர்:
காரின் பாய்விரிப்புக்கு அடியில் சேறு இருந்தது என்று எழுதினேன். யாருடைய கார் என்று எழுதவில்லை. தொப்பி பொருந்தினால் நான் என்ன செய்ய? இங்கே பேச்சு போனஸைப் பற்றியது.

கருங்கல் இலண்டன்வாசி:
வண்டி அப்பாவின் பெயரிலேயே இருக்கட்டும், மகன் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? பிரித்தானியாவில் அது தவறு, ஆனால் நம் நாட்டில் ஓட்டுபவரைப் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை என்கிறீர்களே.

குழித்துறை ஓய்வாளர்:
இப்போதுதான் உருப்படியான ஒரு கேள்வி வந்திருக்கிறது. செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டலாம், பாலிசி செல்லும். ஆனால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு தாமே ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும் உரியது. வண்டி அப்பாவின் பெயரில் இருந்து, ஓட்டிச் சென்ற மகனுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பதினைந்து லட்சம் வராது. மகனுக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்து வைப்பது நல்லது. டீச்சர், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் வாகனன்:
சாவைச் சொல்லிப் பயமுறுத்துவது ஏஜென்டுகளின் பழைய பழக்கம்.

குழித்துறை ஓய்வாளர்:
நான் ஏஜென்டாக ஒரு நாளும் இருந்ததில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்கள் கொடுத்த அறிக்கைகளைப் படித்தவன். அப்பா தம் காரை விற்றால்கூட, போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்து மூன்று ஆண்டுகளுக்குள் தாம் வாங்கும் புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். விற்ற காரோடு போனஸும் போய்விடுமென்றால் இந்தச் சான்றிதழை எதற்காகக் கொடுக்கிறார்கள்? ஒரே ஐம்பதை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சேர்த்துக் கொடுக்க நிறுவனத்துக்குப் பைத்தியமா?

மார்த்தாண்டம் வாகனன்:
ஐம்பது விழுக்காட்டோடு பெயர் மாறிய பாலிசி என் கடையில் கோப்பிலேயே இருக்கிறது.

வில்லுக்குறி டீச்சர்:
புதுப்பிக்கச் சில நாட்கள் தாமதமானால் என்ன ஆகும் என்று யாராவது சொல்ல முடியுமா?

குழித்துறை ஓய்வாளர்:
தாமதிக்காதீர்கள். பாலிசி முடிந்த மறுநாளே காப்பு இல்லை. காப்பீடில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். வண்டியை நேரில் பார்த்த பிறகே மீண்டும் பாலிசி தருவார்கள். 90 நாட்கள் கடந்தால் இருக்கிற போனஸும் போய்விடும். உங்கள் மகனுக்கு இழக்க அது இல்லை என்பது வேறு. வாகனன் அவர்களே, அந்தப் பாலிசியைப் படமெடுத்து இங்கே போடுங்கள். வாங்கியவரின் பெயரை மறைத்துவிட்டே போடலாம். போடும்வரை அந்த ஐம்பது விழுக்காடு அப்பாவுடையது.

மார்த்தாண்டம் வாகனன்:
வண்டியுடையது. பார்க்க வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.