மறு: “தொடுகையற்ற கட்டணம்” வேண்டாம், “ஒற்றேற்பு” எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கைப்பேசியையே கார்டு மெஷினாக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அட்டையைச் செருகாமல், தேய்க்காமல், கருவியின் மேல் வைத்தே பணம் பெறும் முறைக்கு (contactless payment) என்ன பெயர் வைக்கலாம் என்று இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருந்தோமே, அதற்குத்தான் இந்தப் பதில். “தொடுகையற்ற கட்டண ஏற்பு” என்றே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் அண்ணனின் முந்திரிக் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு மனம் மாறிவிட்டது.

“தொடாமல் காட்டுங்க” என்றால் வருகிறவர்கள் அட்டையை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார்கள். க்யூஆர் பழக்கம் அப்படி. இதுவோ 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அண்மைப் புலத் தொடர்பு (NFC), அதாவது மிக அருகில் மட்டும் எட்டும் கம்பியில்லாத் தொடர்பு. நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் வேலை செய்யும். மெஷினில் வைக்கவேண்டிய இடத்துக்கு அடையாளம் இருக்கும். கைப்பேசியில் ஆண்டெனா ஒரு மாடலில் கேமரா பக்கம் இருக்கிறது, இன்னொன்றில் முதுகின் நடுவில். உறை தடிமனாக இருந்தால் அதுவும் சிக்கல்.

“தட்டு” என்று இங்கே சிலர் சொன்னீர்கள். அதையும் சொல்லிப் பார்த்தோம். ஒருவர் டக்கென்று தட்டிவிட்டு அட்டையை எடுத்துவிட்டார், பணம் போகவில்லை. ஓர் அம்மா திரையை விரலால் தட்டினார். அவர் மேல் தப்பில்லை, செயலிகளில் நாமே அப்படித்தானே எழுதிவைத்திருக்கிறோம்.

மெல்ல வைத்து ஒரு கணம் எடுக்காமல் இருப்பதற்கு நம்மிடம் சொல் உண்டு: ஒற்றுதல். போணிப் பணத்தை அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன், எனக்குத்தான் உறைக்கவில்லை. “அட்டையை இங்க ஒத்துங்க” என்றதும் பலர் சரியாக வைத்தார்கள்.

“ஒற்றிச் செலுத்தல்” என்று மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் ஒற்றி என்றால் கடனுக்கு நிலத்தை அடமானமாக ஒத்திக்கு விடுவது. பண விவகாரத்தில் அந்தக் குழப்பம் கூடாது. ஆகவே ஒற்று + ஏற்பு = ஒற்றேற்பு. அந்த வேலையைச் செய்யும் கைப்பேசி, ஒற்றேற்பி.

“மெஷின்” என்றே விட்டால் என்ன என்று கேட்கலாம். மெஷின் என்றதும் செருகலாம், தேய்க்கலாம், ரசீது வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கைப்பேசியில் செருக இடமில்லை. அலைக்குறி (ஒற்றும் வசதி உண்டு என்று காட்டும் அடையாளம்) இல்லாத பழைய அட்டையை அது படிக்காது. புது அட்டையிலும் இந்த வசதி முதலில் அணைத்தே வரும். அட்டைக்காரர்தான் திறந்துவிட வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் செலுத்தலாம். அதற்கு மேல் போனால் கடைக்காரரின் சொந்தக் கைப்பேசியில் பின் எண்ணை அழுத்த வேண்டும். பத்துக் கிலோ முந்திரி வாங்க வந்தவர் அங்கேதான் கையை இழுத்துக்கொண்டார். அந்தத் தயக்கம் நியாயமானது. ஒற்றுவதை மட்டும் ஏற்கும் கருவி என்பதைப் பெயரே சொல்லிவிட்டால் வாசலிலேயே பாதி விளக்கம் மிச்சம்.

பிழைச்செய்திகளுக்கு “அட்டையை எடுக்காமல் ஒற்றிப் பிடிக்கவும்”, “இந்த அட்டை ஒற்றேற்புக்கு உகந்ததல்ல” என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. “இந்த அட்டையை ஒற்ற முடியாது” போதுமா? புதுச்சேரி நண்பர்கள் உங்கள் கடைத்தெருவிலும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.