நடுவே இருண்ட நடைவழி: சக்கர நாற்காலிக்கும் பகல் வெளிச்சத்திற்கும் ஏற்றபடி வீட்டை மாற்றுவது எப்படி?

தாழ்வாரம் (புனைபெயர்; கேள்வி கேட்பவர்)

வணக்கம். எங்கள் வீட்டின் உள்ளமைப்பை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. இடிக்கத் தொடங்குவதற்கு முன் இந்த இணைய மன்றத்தில் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். எழுபது வயதைக் கடந்த அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்படக்கூடும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். பார்வையும் மங்கி வருவதால், பகலிலும் விளக்கைப் போடாமல் அவரால் அறையைவிட்டு வெளியே வர இயலவில்லை.

வீடு தரைத்தளம் மட்டுமே கொண்டது. மேலே தட்டையான கான்கிரீட் கூரை. கிழக்கு மேற்காக 11 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. கிழக்கே வாசல், அதற்கு முன் 4.5 மீட்டர் முன்வெளி. தெற்குச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால் அதில் ஜன்னல் வைக்க வழியில்லை. வடக்கே மதில்வரை 2 மீட்டர் திறந்த இடம் உண்டு. முன்பக்கம் 4 மீட்டர் ஆழத்திற்கு, முழு அகலத்தில் கூடம். அதன் பின்னால் நடுவில் 90 செ.மீ. அகலத்தில் ஒரு நடைவழி. நடைவழிக்கு வடக்கே முதலில் நான் வேலை செய்யும் அறையும் அடுத்துச் சமையலறையும் இருக்கின்றன. தெற்கே பொருள் வைக்கும் அறை, குளியலறை, கடைசியில் அம்மாவின் அறை. அவர் அறைக்கு மேற்கு ஜன்னல் ஒன்றுதான். வீட்டின் தரை வெளித்தரையைவிட 45 செ.மீ. உயரத்திலும், குளியலறைத் தரை அதைவிட 8 செ.மீ. தாழ்வாகவும் உள்ளன. குளியலறைக் கதவின் அகலம் 70 செ.மீ.

ஒப்பந்தக்காரர், நடைவழியின் இரு சுவர்களையும் எடுத்து வீட்டை ஒரே திறந்த வெளியாக்கிவிடலாம் என்றும், அம்மாவின் அறையில் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கிவிட்டால் வெளிச்சக் குறையும் தீரும் என்றும் சொல்கிறார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் எதிலிருந்து தொடங்குவது சரி என்று எனக்குத் தெளிவாகவில்லை.

முற்றம்

பழைய வீடுகளை மாற்றி வடிவமைப்பது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுவர்களைத் தொடுவதற்கு முன் அறைகளை இடம் மாற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டில் நாள் முழுவதும் உள்ளேயே இருப்பவருக்கு மிக மோசமான வெளிச்சமுள்ள மூலையும், மேசையின் முன் சில மணி நேரம் அமர்பவருக்கு வடக்கு வெளிச்சமுள்ள அறையும் அமைந்திருக்கின்றன. இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள இடங்களில் வடக்கு ஜன்னல் பெரும்பாலும் நேர் வெயிலின்றி, நாள் முழுவதும் அதிகம் மாறாத பரவலான ஒளியைத் தரும். மேற்கு ஜன்னல் அப்படியன்று. பிற்பகலில் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே பாயும். மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட் அந்தக் கோணத்து வெயிலைத் தடுக்காது. உள்ளே திரை போட்டாலும் கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பம் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். ஆகவே மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூத்தோரின் கண்களுக்கு அதில் வேறொரு தொல்லையும் உண்டு. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று கணக்கிடப்படுகிறது. எனவே அவர்களுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. ஆனால் கண்ணின் வில்லை மங்கிவிட்டால் வெளிச்சம் உள்ளே சிதறுவதால், அதே கண்களைக் கூச்சம் இளையவர்களைவிட அதிகமாகப் பாதிக்கும். ஒரு பக்கம் கண்ணைக் குத்தும் ஒளியும் மறுபக்கம் இருளும் இருந்தால், கூட்டிய வெளிச்சத்தால் பயனில்லை.

அடுத்தது ஆழம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தொலைவு வரைதான் பயன்படக்கூடிய பகல் ஒளி உள்ளே வரும் என்பது வடிவமைப்பாளர்கள் கையாளும் ஒரு பொதுக் கணக்கு. மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால் சுமார் 3 முதல் 4 மீட்டர். உங்கள் வடக்கு அறைகள் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம் இருக்கும் என்று கணக்கிடுகிறேன். அவற்றுக்கு அது போதும், நடைவழியை எட்டாது. ஆகவே ஜன்னலை அகலப்படுத்துவதைவிட உயர்த்துவது அதிகப் பலன் தரும். அறைக்கும் நடைவழிக்கும் இடையிலுள்ள சுவரில், கதவு உயரத்துக்கு மேல் கூரைவரை கண்ணாடி வைத்தால் அந்த ஒளியில் ஒரு பங்கு நடைவழிக்கும் கிடைக்கும். அறையின் தனிமையும் கெடாது. வடக்கு மதிலுக்கு வெளிர்நிறம் பூசுவதை மறந்துவிடாதீர்கள். 2 மீட்டர் தொலைவில் இருண்ட சுவர் நின்றால் எவ்வளவு பெரிய ஜன்னலும் அந்தச் சுவரின் இருளையே காட்டும்.

நடைவழியின் மேற்குக் கோடியில் ஒரு ஜன்னல் வைக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். இருண்ட பாதையின் முனையில் ஒரே ஒரு பளிச்சிடும் சதுரம் இருந்தால், எதிரில் வருபவர் நிழலுருவாகத் தெரிவார். தரையில் கிடக்கும் பொருளோ தெரியவே தெரியாது. அதைவிட நடைவழியின் நடுவில் கூரையிலிருந்து ஒளியை இறக்குவது மேல். முழுவதும் மேகம் மூடிய நாளில் உச்சிவானம் தொடுவானத்தைவிட மூன்று மடங்கு ஒளிர்வு உடையது என்பதால், கூரையில் சிறிய திறப்பே நிறைய ஒளி தரும்.

இந்த இடமாற்றத்தில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. அம்மாவின் புதிய அறைக் கதவைக் குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே அமைத்துவிட்டால், அவர் நடைவழியில் திரும்பவே வேண்டியதில்லை. குறுக்கே நேராகக் கடந்தால் போதும். பொருள் அறையைக் குளியலறையோடு சேர்த்துவிடுங்கள். 90 செ.மீ. நடைவழியில் சக்கர நாற்காலி நேராகச் செல்லும், ஆனால் அதிலிருந்து குறுகலான கதவுக்குள் திரும்ப முடியாது. திரும்ப வேண்டிய தேவையை நீக்கிவிட்டால் நடைவழியை அகலப்படுத்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

நான்குசக்கரம்

நான் சக்கர நாற்காலியில் இயங்குபவன். முற்றம் சொன்ன இடமாற்றம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் வாக்கரில் நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் தேவைகள் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். எனக்குத் திறந்த வெளி வேண்டும். நாற்காலி முழுவதுமாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டியது குறைந்த தூரமும், கை எட்டும் இடத்தில் ஒரு பிடிமானமும். அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாரா என்று கவனித்துப் பாருங்கள். அப்படியானால், சுவர்களையெல்லாம் எடுத்த திறந்த வீடு அவருக்குப் பிடிக்க எதுவுமில்லாத வெட்டவெளியாகிவிடும்.

கதவின் அகலம் என்று கடையில் சொல்வது வேறு, திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி வேறு. கதவுப்பலகையின் தடிமனும் நிலையின் விளிம்பும் சேர்ந்து சில செ.மீ.களை விழுங்கிவிடும். திறந்த நிலையில் குறைந்தது 82 செ.மீ., முடிந்தால் 90 செ.மீ. கிடைக்கும்படி நிலையைத் தேர்ந்தெடுங்கள். கதவை நம் பக்கம் இழுத்துத் திறக்கும் இடங்களில், கைப்பிடி இருக்கும் பக்கத்தில் 45 முதல் 60 செ.மீ. வெற்றுச்சுவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியே கதவின் வழியில் நின்றுகொண்டிருக்கும். வரைபடங்களில் இதைக் கவனிப்பவர்கள் அரிது. குளியலறைக்கு ஸ்லைடிங் கதவோ வெளிப்புறம் திறக்கும் கதவோ வையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

கழிப்பறை இருக்கையின் ஒரு பக்கம் 90 செ.மீ. காலியாக இருந்தால் நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி மாறி அமரலாம். மறுபக்கம் உறுதியான சுவரும் அதில் 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். அந்த இடத்தில் மெல்லிய தடுப்புச் சுவர் எழுப்பினால், கம்பி முழு உடல் எடையையும் தாங்கும்படி உள்ளே வலுவான மரப்பலகையோ இரும்புச் சட்டமோ முன்கூட்டியே பதித்துவிட வேண்டும். பிறகு டைல்ஸை உடைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஜன்னலின் கீழ்விளிம்பை 60 செ.மீ. அளவுக்கு இறக்கினால், கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கும் வெளியே தெரியும். குழந்தைகள் வந்துபோகும் வீடாக இருந்தால் ஒரு தடுப்புக் கம்பியும் வையுங்கள். ஜன்னலின் தாழ்ப்பாள் 120 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. உட்கார்ந்தபடி திறக்க முடியாத ஜன்னல் எனக்கு ஒரு படம் மாட்டியதற்குச் சமம். தரைக்குப் பளபளப்பில்லாத, வழுக்காத டைல்ஸைப் போடுங்கள். பளபளக்கும் தரையில் ஜன்னலின் பிம்பம் விழுந்தால், பார்வை மங்கியவருக்கு அது தேங்கிய நீர்போலத் தோன்றும், கால் தயங்கும். அதேபோல் தரை, சுவர், கதவு நிலை ஆகிய மூன்றும் ஒரே வெளிர்நிறத்தில் கலந்துவிடாமல், நிலைகள் தனித்துத் தெரியும் நிறத்தில் இருக்கட்டும்.

தூலம்

கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் சில எச்சரிக்கைகள். நடைவழியின் சுவர்கள் வெறும் தடுப்புச் சுவர்களா, கூரையைத் தாங்குபவையா என்பதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அவை தாங்குபவையாக இருந்தால், இப்போது சுமார் மூன்றரை மீட்டரைக் கடக்கும் கான்கிரீட் கூரைத் தளம், சுவர்களை எடுத்த பிறகு 8 மீட்டரைக் கடக்க வேண்டியிருக்கும். தாங்கும் சுவருக்கு மேலே தளத்தின் மேற்பகுதியில் இழுவிசை இருக்கும், கம்பியும் அங்கேதான் இருக்கும். சுவர் போய்விட்டால் இழுவிசை அடிப்பகுதிக்கு மாறும், அங்கே அதற்கு வேண்டிய கம்பி இருக்காது. ஒப்பந்தக்காரர் கணக்கைக் காட்டாமல் இடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முற்றம் சொன்ன மேல்கண்ணாடிக்கும் இதே சோதனை தேவை. தாங்கும் சுவரில் அதை நீளமாகத் திறக்க முடியாது, லிண்டலோடு (திறப்புக்கு மேலே சுவரின் சுமையைத் தாங்கும் குறுக்குக் கட்டையோடு) சிறு சிறு திறப்புகளாகத்தான் வைக்க இயலும். ஜன்னலின் மேல்விளிம்பை உயர்த்துவதும் அப்படித்தான்: பல வீடுகளில் லிண்டல் தொடர்ச்சியான பட்டையாகச் சுவர்களைப் பிணைத்திருக்கும், அதை வெட்டக்கூடாது. பட்டைக்கு மேலே தனி வென்டிலேட்டர் ஜன்னல் வைப்பதே பாதுகாப்பு.

நடைவழிக் கூரைக்கு, 25 முதல் 35 செ.மீ. விட்டமுள்ள, உட்புறம் கண்ணாடிபோல் பிரதிபலித்துப் பகல் ஒளியைக் கீழே இறக்கும் ஒளிக்குழாய் போதுமானது. முதன்மைக் கம்பிகளை வெட்டாமல் இடம் தேர்ந்தெடுப்பது பெரிய ஸ்கைலைட்டைவிட (கூரையில் வைக்கும் கண்ணாடித் திறப்பைவிட) இதற்கு எளிது. திறப்பைச் சுற்றிக் குறைந்தது 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை எழுப்பி, நீர்க்காப்புப் பூச்சை அதன்மேல் ஏற்றி முடிக்க வேண்டும். கசிவெல்லாம் அந்தச் சந்திப்பில்தான் தொடங்கும்.

குளியலறையின் 8 செ.மீ. தாழ்வை நிரப்பித் தரையை மட்டப்படுத்தலாம். குளிக்கும் பகுதிக்கு மட்டும் 50-க்கு 1 என்ற சரிவு கொடுத்து, சுவரோரம் நீண்ட வடிகால் வைத்தால், 1.2 மீட்டர் தூரத்துக்கு 2.4 செ.மீ. இறக்கம்தான் வரும். கதவடியில் விளிம்பு கட்டாயம் என்றால் 1.2 செ.மீ.க்கு மேல் வேண்டாம், அதையும் சாய்வாகச் செதுக்குங்கள்.

வெளியே 45 செ.மீ. உயரத்துக்கு 12-க்கு 1 என்ற சரிவில் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். வீட்டின் முன்மூலையிலிருந்து வடக்குச் சுவரை ஒட்டி ஏற்றினால், அது 5.4 மீட்டரில் அம்மாவின் புதிய அறைக்கு நேராகவே போய் நிற்கும். அங்கே ஒரு கண்ணாடிக் கதவு வைத்தால் வெளிச்சத்துக்கும் வாசலுக்கும் ஒரே திறப்பு போதும். அவசரத்தில் வெளியேறவும் உதவும்.

தாழ்வாரம்

மூவருக்கும் நன்றி. என் வேலை அறையை அம்மாவுக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மேற்குக் கண்ணாடியையும் கைவிட்டுவிட்டோம். நடைவழிச் சுவர்களைப் பார்க்க ஒரு பொறியாளரை அழைத்திருக்கிறோம். ஆனால் தன் அறைக்கென்று தனி வாசல் வைப்பதை அம்மா விரும்பவில்லை. எல்லோரும் வரும் வழியில்தான் நானும் வருவேன் என்கிறார். சாய்தளம் கூடத்தின் வாசலில் வந்து முடியும்படி அமைக்க இயலுமா?

நான்குசக்கரம்

அம்மா சொல்வதே சரி. பின்வழியாகவும் பக்கவழியாகவும் வரச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். சாய்தளம் முடியும் இடத்தையே வீட்டின் முதன்மை வாசலாக்கிவிடுங்கள். படி ஏற முடிந்தவர்களும் சாய்தளத்தில் நடந்து வரலாம், அதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

தூலம்

இயலும். முன்வெளி 4.5 மீட்டர் இருப்பது நல்லதாகப் போயிற்று. வெளிவாயிலை அடுத்து 1.5 மீட்டரைச் சமதளமாக விட்டுவிட்டு, மீதி 3 மீட்டரை முன்வெளியிலும் 2.4 மீட்டரைக் கூடத்தின் வடக்குச் சுவரை வெளியே ஒட்டியும் ஏற்றினால் 5.4 மீட்டர் நிறைவடைகிறது. மேல் சமதளம் அதற்கடுத்த 1.5 மீட்டரில், அதாவது கூடத்தின் 4 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வாசலை அங்கே வடக்குச் சுவரில் வையுங்கள். சாய்தளத்தின் அகலம் 1.2 மீட்டர் போதும். ஆனால் மேலே வந்ததும் நாற்காலி கதவை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதால், சமதளத்தை மட்டும் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சதுரமாக்குங்கள். வடக்கே உள்ள 2 மீட்டரில் அதற்கு இடமிருக்கிறது. இரு பக்கமும் கைப்பிடியும், சக்கரம் நழுவாமல் விளிம்பில் சிறு கட்டையும் வேண்டும். கூடத்தின் வடக்கு ஜன்னல் இப்போது வெளிப்புறம் திறப்பதாக இருந்தால் அதை ஸ்லைடிங்காக மாற்றிவிடுங்கள், ஏனெனில் ஏறி வருபவரின் முகத்துக்கு நேராக அதன் கதவு நீட்டிக்கொண்டிருக்கும்.